படகா, நண்டா, கரை நடையா: நண்பர்களோடு ஒரு நாளை எதைச் சுற்றிக் கட்டுவது?

ஆறேழு பேர் சேர்ந்து தண்ணீர்ப் பக்கம் ஒரு நாள் போகலாம் என்று முடிவானால், அடுத்த நிமிடமே கட்சி பிரிந்துவிடும். ஒருவருக்குப் படகு இல்லாமல் ஆகாது. இன்னொருவர் நண்டு பிடிக்கலாம் என்பார். மூன்றாமவர், "எனக்கு ஒன்றும் வேண்டாம்ப்பா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் போதும்" என்பார். கடைசியில் மூன்றையும் செய்துவிடலாம் என்று சமரசம். மாலை திரும்பும்போது பார்த்தால் மூன்றுமே அரைகுறை.

நானும் அப்படி ஒரு சமரசத்தில் மாட்டியிருக்கிறேன். காலையில் சாவகாசமாக நடந்தோம், நிதானமாகச் சாப்பிட்டோம், அப்புறம் படகை எடுத்தோம். நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. கழிமுகத்துக்குள் ஒரு திருப்பத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. வற்றம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அது முடிந்து, இறங்கிய அளவு மறுபடி ஏற இன்னொரு ஒன்றரை மணி. ஆக 3 மணி நேரம் ஏழு பேர் ஒரு படகில், நடு வெயிலில், ஒரே ஒரு குடையோடு. இறங்கித் தள்ளலாம் என்று காலை விட்டவருக்கு முழங்கால் வரை சேறு. செருப்பு திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து யாராவது "எது நல்லது?" என்று கேட்டால், "அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஓதம், அதாவது கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால், அதாவது நீர் உச்சத்தைத் தொடுகிறது என்றால், நாளை 9.50-க்கு. நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம் வரும் கரைகளும் உண்டு. அங்கே கணக்கு வேறு. இன்னொன்று, நீர் ஒரே சீராக ஏறி இறங்குவதில்லை. ஏறுவதற்கு எடுக்கும் 6 மணி நேரத்தில், நடுவில் உள்ள 2 மணி நேரத்துக்குள் மொத்த உயரத்தில் ஏறக்குறைய பாதி ஏறிவிடும். "மெதுவாகத்தானே வருகிறது" என்று ஏமாறுவது இந்த நடு நேரம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது, நீரோட்டமும் வேகம். அரைநிலா நாட்களில் எல்லாம் அடக்கம்.

காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும். அதனால் வெயில் நாட்களில் காலையில் கண்ணாடியாக இருந்த நீர், பிற்பகலில் சுருக்கம் விழுந்த துணி மாதிரி ஆகிவிடும். அலை நுனிகளில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். எங்கே பார்த்தாலும் வெள்ளை என்றால் சிறு படகுக்கு அன்று விடுமுறை.

குழுவில் மிக இயலாதவர் யார். நீச்சல் தெரியாதவர், முழங்கால் வலிக்காரர், வாந்தி வருபவர், கைக்குழந்தை வைத்திருப்பவர். அவரை வைத்துத்தான் நாள் ஓடும். ஆர்வம் அதிகமுள்ளவரை வைத்துத் திட்டம் போட்டால், மீதிப் பேர் அவருக்குத் துணைக்கு வந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

பாதியில் கிளம்ப முடியுமா. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில் இதற்குத்தான் மதிப்பெண் அதிகம். ஒருவருக்குத் தலைவலி வந்தால் அவர் மட்டும் போய் நிழலில் படுக்க முடியுமா, அல்லது ஏழு பேரும் சேர்ந்துதான் திரும்ப வேண்டுமா?

பேச்சு. நண்பர்களோடு போவது எதற்கு? வருடத்துக்கு ஒரு முறை சந்திப்பவர்கள் மோட்டார் சத்தத்தில் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டிருப்பது ஒரு நாளா?

## படகு

படகின் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கரை பின்னால் சுருங்கிப் போகும் அந்த முதல் பத்து நிமிடத்துக்கு ஈடு கிடையாது. கால் நடக்காத இடத்துக்குப் போகலாம்: நீர் நடுவே திட்டு, மறுகரை, காட்டோரம்.

ஆனால் படகு நாளில் உண்மையில் மிதக்கும் நேரம் குறைவு. ஏற்றுவது, லைஃப் ஜாக்கெட் அளவு பார்ப்பது, எரிபொருள் நிரப்புவது, இறக்குவது, திரும்பி வந்து உப்புப் போகக் கழுவுவது, வாடகைப் படகு என்றால் கையெழுத்தும் முன்பணமும். எல்லாம் போக 5 மணி நேர ஏற்பாட்டில் 3 மணி நேரம் தண்ணீரில் இருந்தால் அதிர்ஷ்டம். அந்த 3 மணி நேரமும் ஓட்டுபவருக்கு விடுமுறை கிடையாது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துப் பேசுவார்கள். ஓட்டுபவர் மது குடிக்கவும் கூடாது.

வெளியில் தெரியாத இன்னொரு தொல்லை கழிப்பறை. சிறு படகில் அது இல்லை. காலையில் எல்லோரும் காபி குடித்துவிட்டு ஏறியிருப்பார்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை கரை ஒதுங்க இடம் பார்த்து வைக்காத திட்டம் திட்டமே இல்லை.

படகு என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை, மூன்றும் மூன்று விதமான நாள். மோட்டார் படகு தூரம் போகும், பேச்சைக் கெடுக்கும். துடுப்புப் படகு தூரம் போகாது. ஆனால் முகம் பார்த்து உட்காரலாம், துடுப்பை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளலாம், துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் கூடக் கேட்கும். நாலு பேர், அடங்கிய நீர்நிலை, அவசரமில்லாத நாள் என்றால் எனக்கு இதுதான். கயாக் அழகானது, ஆனால் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்துவிடுவார்கள். வேகமாகத் துடுப்புப் போடுபவர் 200 மீட்டர் முன்னால் போய்க் காத்திருப்பார். பின்னால் வருபவருக்கு அன்று முழுக்கத் தான் தாமதம் என்ற எண்ணமே.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்கு மட்டும் தனியாகப் பயப்படுங்கள். கரையோரம் நீர் அமைதியாக இருப்பதுபோல் தெரியும், போவதும் சுலபம். திரும்பும்போதுதான் எதிர்க்காற்று என்று தெரியவரும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. கைத்தெம்பையும் அப்படியே பங்கு வையுங்கள். ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாந்தி வருபவர் படகின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும். மாத்திரை என்றால் ஏறுவதற்கு முன்பே. குமட்ட ஆரம்பித்த பிறகு அது உள்ளே தங்காது.

## நண்டு

நேராகவே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான குழுக்களுக்கு நாளின் மையமாக நண்டை வைப்பதுதான் சரி. நண்டு பிடிப்பதில் பாதிக்கு மேல் காத்திருப்பு. காத்திருப்பு என்றால் பேச்சு. படித்துறையிலோ சிறு பாலத்திலோ வரிசையாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், பத்து வருடமாகப் பேசாத விஷயமெல்லாம் வரும். பேச்சு முற்றிக் கனக்கும்போது யாராவது ஒருவரின் நூல் அசையும், எல்லோரும் எழுந்து ஓடுவார்கள், கனம் கலைந்துவிடும். இதைவிட நல்ல ஏற்பாடு நண்பர்களுக்குக் கிடையாது. அலுத்தவர் எழுந்து போகலாம். நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் வந்திருந்தால் அவர்களுக்கும் வேலை இருக்கும்.

எதைக் கொண்டு பிடிப்பது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது.

கைநூல். ஒரு நூல், ஒரு சிறு ஈயக்குண்டு, நுனியில் இறுகக் கட்டிய மீன் தலையோ கோழிக் கழுத்தோ. கொக்கி வேண்டாம், நண்டு தானாகவே பிடித்துக்கொள்ளும். மீன் கடிப்பதுபோல் வெடுக்கென்று இழுக்காது. ஈரத்துணியைத் தரையில் யாரோ மெல்ல இழுப்பதுபோல நூலில் ஒரு கனம் வரும், நூல் சாய்ந்துகொண்டே ஒரு பக்கமாக நகரும். அப்போது பதறினால் போச்சு. ஒரு சாண், நிறுத்தம், இன்னொரு சாண். நீர்மட்டத்துக்குக் கீழே ஓடு நிழலாகத் தெரியும் நொடியில் பக்கத்தில் இருப்பவர் கைவலையை நண்டுக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். தலை நீருக்கு வெளியே வந்தால் இரையை விட்டுவிட்டு விழுந்துவிடும். ஒருவர் இழுக்க, ஒருவர் அள்ள என்று இது இரண்டு பேர் வேலை. யார் சரியாக அள்ளவில்லை என்ற சண்டை சாப்பாட்டு நேரம் வரை போகும்.

வளைய வலை. அடியில் தட்டையாகப் படுத்திருக்கும். தூக்கும்போது சுவர் எழும்பும். 10, 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே இழுப்பில் தூக்க வேண்டும், தயங்கினால் நண்டு பக்கவாட்டில் நழுவிவிடும். கைநூலைவிட அதிகம் கிடைக்கும், ஆனால் கடிகாரம் பார்க்கும் வேலை. இரண்டு வலை, நாலு நூல் என்று வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த கணக்கு.

கூடு. போட்டுவிட்டுப் போய்விடலாம், 2 மணி நேரம் கழித்து வந்து தூக்கலாம். படகு நாளோடு சேர்க்க இதுதான் பொருத்தம். ஆனால் கயிறு, ஏற்றத்தின்போது இருக்கும் ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மிதவை மூழ்கி, கூடு எங்கே என்று தேடுவதே அன்றைய பொழுதுபோக்கு. தொலைந்த கூடு சும்மா கிடக்காது. உள்ளே நண்டு செத்தால் அதுவே அடுத்த நண்டுக்கு இரை. யாரும் இல்லாமலேயே பிடித்துக்கொண்டிருக்கும். மட்கும் கயிறால் கதவைக் கட்டியிருக்கும் கூடாகப் பார்த்து எடுங்கள். நண்பர்களோடு போகும் நாளுக்குக் கூடு எனக்கு ஒட்டுவதில்லை. வேலையெல்லாம் கூடு பார்த்துக்கொள்கிறது, நாம் எதற்கு?

நேரம்: ஏற்றத்தின் கடைசி 2 மணி, நீர் நிற்கும் கொஞ்ச நேரம், வற்றத்தின் முதல் ஒரு மணி. நீர் வேகமாக ஓடும் நடுப்பொழுதில் குண்டும் இரையும் ஓரிடத்தில் நிற்காது. நண்டு இரையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வாசனையால்தான், ஆகவே எண்ணெய்ப் பசையுள்ள மீன் நல்லது. அந்த வாசனை நண்டோடு நிற்காது. மூடி சரியில்லாத டப்பாவில் இரையைக் கொண்டுவந்த நண்பரின் கார், பிறகு வந்த இரண்டு வாரமும் ஜன்னலைத் திறந்துகொண்டே ஓடியது.

பிடித்த பிறகு வரும் வேலையும் செலவுதான். வாளி நிறையத் தண்ணீர் விட்டு நண்டைப் போடுவது பெரிய தவறு. தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மூச்சு முட்டிச் சாகும். செவுள் ஈரமாக இருந்தால் காற்றிலேயே வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அடியில் ஈரச் சாக்கு, மேலே ஈரச் சாக்கு, நிழல், அவ்வளவுதான். சமைக்கும் முன்பே செத்துக் கிடந்த நண்டைத் தூக்கிப் போடுங்கள், விரைவில் கெட்டுவிடும். தூக்கும்போது பின்பக்கத்திலிருந்து ஓட்டைப் பிடிக்க வேண்டும். கொடுக்கைப் பிடித்து இழுத்தால் அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது மறுபடி முளைக்கும்தான், ஆனால் அதுவரை நொண்டி நண்டு.

எதை வைத்துக்கொள்வது என்பதற்குப் பல கரைகளில் சட்டமே இருக்கிறது: ஓட்டின் குறைந்தபட்ச அகலம், ஓர் ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு, சில இடங்களில் உரிமம். போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வயிற்று மடிப்பில் முட்டைக் கொத்து தெரியும் சினை நண்டு தண்ணீருக்கே திரும்ப வேண்டும். வயிற்று மடல் ஒடுக்கமாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். ஓட்டின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? இப்போதுதான் ஓடு கழற்றியிருக்கிறது, உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம். விட்டுவிடுங்கள்.

## கரை நடை

மூன்றிலும் ஏற்பாடு குறைந்தது இதுதான். அதனாலேயே இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கினால் நீரோரத்தில் ஈர மணல் கெட்டியாக, பாதை போல இருக்கும். உலர்ந்த மணலில் அதே வேகத்தில் நடக்கக் கெட்டித் தரையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உடல் உழைக்க வேண்டியிருக்கும். ஏற்ற நேரத்தில் நடையை வைத்தால் இதில்தான் மாட்டுவீர்கள். முழங்கால் வலிக்காரர் அரை கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவார்.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையைத் தேர்ந்தெடுங்கள். போன தூரம் முழுக்கத் திரும்பவும் நடக்க வேண்டும் என்பதுதான் நடையின் மறைமுகச் செலவு. பாறை முனையைச் சுற்றியோ மணல் திட்டைத் தாண்டியோ போகிறீர்கள் என்றால், வற்றம் முடியும் நேரத்துக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். ஏற்றம் பின்னாலிருக்கும் பள்ளத்தைத்தான் முதலில் நிரப்பும், நாம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லி மீன் செத்ததுபோல் இருந்தாலும் கொட்டும். பொறுக்கிய சங்குக்குள் ஒரு நிமிடம் பாருங்கள், உள்ளே குடியிருக்கும் நண்டு இருக்கலாம். கல்லைப் புரட்டினால் முன்பு இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

வெப்பமான கரைகளில் மாலை நேரம் நண்டைப் பிடிக்காமலேயே பார்க்கலாம். வளை வாயில் கண்ணைத் தூக்கிக்கொண்டு மணல் நிறத்தில் ஒன்று நிற்கும். ஓர் அடி எடுத்து வைத்தால் பக்கவாட்டில் ஓடி மறையும். அசையாமல் நின்றால் மூன்று நாலு நிமிடத்தில் மறுபடி வந்து, வளையிலிருந்து ஓர் அணைப்பு மணலை வெளியே வீசும். இரண்டு பெரியவர்கள் கால் மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் நான்.

## பக்கத்தில் பக்கமாக

| | படகு | நண்டு (கரையிலிருந்து) | கரை நடை |
|---|---|---|---|
| நல்ல ஓதம் | ஏற்றத்தை ஒட்டி | ஏற்றத்தின் கடைசி, வற்றத்தின் தொடக்கம் | வற்றத்தை ஒட்டி |
| காற்று | காலை மட்டும் | ஓரளவு தாங்கும் | எதுவும் சரி |
| பாதியில் கிளம்புவது | எல்லோரும் சேர்ந்துதான் | எப்போது வேண்டுமானாலும் | தூரத்தைப் பொறுத்து |
| பேச்சு | மோட்டாரில் இல்லை | மூன்றிலும் சிறந்தது | இரண்டிரண்டு பேராக |
| மறைமுகச் செலவு | ஏற்றி இறக்குவது, கழிப்பறை | வாடை, கழுவுவது, சமையல் | திரும்பும் தூரம், வெயில் |
| எத்தனை பேர் | படகு தாங்கும் அளவே | 4 முதல் 10 | எத்தனை பேரும் |

## மூன்றும் வேண்டும் என்றால்

முடியும், ஆனால் எல்லா நாளும் அல்ல. காலை 9-லிருந்து 10 மணிக்குள் ஏற்றம் வரும் நாள்தான் இதற்கு ஏற்றது. 7 மணிக்குப் படகு: காற்று இல்லை, நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, எங்காவது தட்டினாலும் கால் மணி நேரத்தில் நீரே தூக்கிவிடும். 9 மணிக்குப் படகை ஒப்படைத்துவிட்டு அதே துறையில் நூலைப் போடலாம். 11 மணி வரை நண்டு. அப்புறம் சாப்பாடு, நிழலில் தூக்கம். 3.30 மணி வாக்கில் வற்றம் நெருங்கும்போது நடை. வெயிலும் சாய்ந்திருக்கும்.

ஏற்றம் காலை 6 மணிக்கோ பகல் 12 மணிக்கோ இருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். 12 மணி என்றால் படகை விடலாம்: 10 மணிக்கு நண்டு, மாலை நடை. 6 மணி என்றால், விடிகாலையில் எழும் குழுவாக இருந்தால் ஒழிய, காலை நண்டு கைநழுவிவிடும். பகல் 12-க்கு வற்றம் என்பதால் 11 மணிக்குத் தொப்பியோடு நடை, மாலை 4 மணிக்கு மேல் நண்டு என்று தலைகீழாகப் போடலாம்.

குழுவில் நாலு பேர்தான், எல்லோருக்கும் நீச்சல் தெரியும், ஓட்டத் தெரிந்தவர் இருக்கிறார், காற்று இல்லை: அப்படியானால் தயங்காமல் படகு. வயதானவர்களும் பிள்ளைகளும் கலந்த கூட்டம், அல்லது வெகுநாள் கழித்துச் சந்திப்பவர்கள்: நண்டு. இரண்டே பேர், மனதில் ஏதோ பேச இருக்கிறது, ஏற்பாடு செய்யத் தெம்பில்லை: நடை. பக்கத்தில் பக்கமாக நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சில பேச்சுக்கு அது உதவும்.

நீங்கள் குறித்த ஞாயிற்றுக்கிழமை ஓதம் சரிப்படவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஞாயிறுக்கு மாற்றிவிடாதீர்கள். ஒரு வாரத்தில் எல்லாம் ஏறக்குறைய தலைகீழாகியிருக்கும், ஏற்றம் இருந்த நேரத்தில் வற்றம். 14 நாள் கழித்துத்தான் இன்றைய நேரம் கிட்டத்தட்டத் திரும்பும், முக்கால் மணி நேரம் முன்னதாக. ஆகவே தேதி மாற்றுவது ஒன்று ஒரு வாரம், இல்லையென்றால் இரண்டு வாரம். எது என்பதை ஓத அட்டவணை சொல்லிவிடும். படகுக்குப் பேசி வைத்தவரிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். முன்பணம் கட்டியவர் அவர்.